திருகாணி விற்பவர் நடத்தும் பள்ளிக்கூடம்

பல் போனால் சொல் போச்சு என்பது பழமொழி. நெய்யாற்றின்கரை வட்டத்தின் எல்லைக் கிராமங்களில் பல்லோடு சேர்ந்து போவது சொல் மட்டுமல்ல, வீட்டின் சேமிப்பும்தான். பாறசாலை, செங்கல், காரோடு, குளத்தூர், பொழியூர் எனத் தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் பேசப்படும் இவ்வூர்களில் பல்லிழந்த உழைப்பாளி ஒருவர் தெற்கே களியக்காவிளை, மார்த்தாண்டம் நோக்கியும் போகலாம். வடக்கே திருவனந்தபுரம் நோக்கியும் போகலாம். எத்திசையில் போனாலும் அவர் முன் வைக்கப்படும் வாக்குறுதி ஒன்றுதான்: தாடை எலும்பில் டைட்டானியத் திருகாணி ஒன்றைப் பொருத்தி, அதன்மேல் நிலையான பல்லை வைத்துத் தருகிறோம். இதற்கு இம்ப்ளாண்ட் என்று பெயர். ஒரு பல்லுக்கு ஏறத்தாழ 20,000 ரூபாயில் தொடங்கி 50,000 ரூபாயைத் தாண்டியும் செலவு போகிறது. 2025-26 நிதியாண்டில் கேரளத்தில் ஊரக வேலை உறுதித் திட்டத்தின் நாட்கூலி 369 ரூபாய். நூறு நாள் வேலையும் முழுதாகக் கிடைத்து, அதில் ஒரு பைசாவும் செலவழிக்காமல் சேர்த்தால் 36,900 ரூபாய். நூறு நாள் உழைப்புக்கு ஒரு பல், மிஞ்சினால் ஒன்றரைப் பல்.

விலையைப் பற்றி மக்கள் பேசுகிறார்கள். ஆனால் விலைக்கு முன்னே நிற்கும் கேள்வி ஒன்று உண்டு. அந்தத் திருகாணியை எலும்பில் இறக்குபவர் அதை எங்கே, யாரிடம், எத்தனை நாளில் கற்றார் என்பதே அது. இக்கேள்விக்கு இன்றைய இந்தியாவில் கிடைக்கும் விடை வெட்கக்கேடானது. பெரும்பாலும் அவர் அதைத் திருகாணி விற்கும் நிறுவனத்திடமோ, அந்நிறுவனத்தின் ஆதரவில் நடக்கும் வார இறுதி வகுப்பிலோதான் கற்றிருக்கிறார்.

கற்றவருக்கே விற்றல், விற்பதற்கே கற்பித்தல்

இந்தச் சிகிச்சையின் வரலாற்றைப் பார்த்தால் சரிவு எங்கே தொடங்கியது என்பது விளங்கும். சுவீடன் நாட்டு ஆய்வாளர் பெர்-இங்வார் பிரோனெமார்க் 1952-இல் முயலின் எலும்பில் டைட்டானியக் கருவி ஒன்றைப் பொருத்தி இரத்த ஓட்டத்தை ஆராய்ந்தார். ஆய்வு முடிந்தபின் கருவியைக் கழற்ற முயன்றபோது அது எலும்போடு ஒன்றிப்போயிருந்தது. 1965-இல் முதன்முதலாக மனிதத் தாடையில் அதைப் பொருத்தினார். அந்த நோயாளி 2006-இல் இறக்கும்வரை, நாற்பதாண்டுகளுக்கும் மேலாக, அப்பற்களோடு வாழ்ந்தார். ஆயினும் மருத்துவ உலகம் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. பதினைந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட பின்தொடர்தல் விவரங்களை 1982-இல் டொரோண்டோ மாநாட்டில் முன்வைத்த பிறகே அவர் முறை உலகெங்கும் ஏற்கப்பட்டது. அக்காலத்தில் முறையான பயிற்சி பெற்ற அறுவை மருத்துவருக்கும் செயற்கைப்பல் வல்லுநருக்கும் மட்டுமே கருவிகள் தரப்பட்டன. பயிற்சி இல்லாதவருக்குத் திருகாணி விற்பனை இல்லை.

பின்னர் மூலதனம் உள்ளே வந்தது. 1978-இல் பிரோனெமார்க்குடன் கைகோத்த நிறுவனம் எது தெரியுமா? பீரங்கி செய்த போபர்ஸ்! இந்திய அரசியலில் பின்னாளில் பெரும்புயலைக் கிளப்பிய அதே பெயர்தான். அதன் கிளையாக 1981-இல் தோன்றிய நோபல்பார்மா, பிறகு நோபல் பயோகேர் ஆயிற்று. 2014-இல் அமெரிக்காவின் டானஹர் நிறுவனம் அதனை இருநூறு கோடி டாலருக்கும் அதிகமான விலையில் வாங்கியது. சுவிட்சர்லாந்து, தென்கொரியா, இசுரேல் நிறுவனங்கள் போட்டியில் இறங்கின. தென்கொரியாவின் ஆஸ்டெம் நிறுவனம் பயிற்சி மையங்களைத் திறந்து மருத்துவர்களைப் பழக்குவதன் வழியாகவே சந்தையை விரித்துக்கொண்டது; அதை அது மறைத்ததுமில்லை. கற்றவருக்கு மட்டுமே விற்பது என்ற விதி இவ்வாறு தலைகீழாகி, விற்பதற்காகவே கற்பிப்பது என்றாயிற்று. ஒரு நிறுவனத்தின் துளையிடும் கருவிகளில் பழகிய கை அந்நிறுவனத்தின் திருகாணியையே வாழ்நாள் முழுதும் வாங்கும் என்பதே இந்தப் பள்ளிக்கூடத்தின் பாடத்திட்டம்.

மூன்று நாள் வகுப்பும் மூன்று மாத எலும்பும்

இந்தியாவில் பல் மருத்துவத்தில் எம்.டி.எஸ். என்னும் முதுநிலைப் பட்டம் மூன்றாண்டுப் படிப்பாகும். ஒன்பது சிறப்புத் துறைகள் உள்ளன. அவற்றுள் இம்ப்ளாண்ட் என்று தனித்துறை கிடையாது. செயற்கைப்பல், ஈறுநோய், வாய் மற்றும் முக அறுவை ஆகிய துறைகளின் பாடத்தில் அது ஒரு பகுதியாக உள்ளது. இளநிலைப் படிப்பான பி.டி.எஸ்.-இல் அது அறிமுகத்தோடு நின்றுவிடுகிறது. ஆனால் பி.டி.எஸ். முடித்துப் பதிவு செய்த எவரும் மறுநாளே இம்ப்ளாண்ட் பொருத்தலாம், சட்டம் தடுக்கவில்லை. கல்வியில் இல்லாத ஒன்று தொழிலில் அனுமதிக்கப்பட்டிருக்கும் இந்த இடைவெளியில்தான் கடை விரிக்கப்பட்டுள்ளது.

அந்தக் கடையின் சரக்குக்குப் பெலோஷிப், டிப்ளமோ, மாஸ்டர்ஷிப் என்று பெயர்கள். பெலோஷிப் என்ற சொல்லை நேராகத் தமிழாக்கினால் தோழமை என்று வரும். பல்லாயிரம் ரூபாயில் தொடங்கிப் பல லட்சம் வரை கட்டணம் வாங்கிக்கொண்டு தரப்படும் இப்படியொரு தோழமையைத் தொழிலாளி வர்க்கம் அறிந்ததில்லை. 1948-ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டத்தில் 1993-இல் சேர்க்கப்பட்ட திருத்தத்தின்படி, ஒன்றிய அரசின் முன் அனுமதியின்றிப் புதிய உயர்படிப்பு எதையும் கல்லூரி தொடங்கக் கூடாது. ஐந்து நட்சத்திர விடுதியின் கூட்ட அரங்கு கல்லூரி அன்று. அங்கே தரப்படுவது பட்டம் அன்று, சான்றிதழ். எனவே சட்டம் மீறப்படவில்லை என்பது அவர்களின் வாதம். ஆனால் அந்தச் சான்றிதழ் கண்ணாடிச் சட்டமிடப்பட்டுச் சிகிச்சை அறையின் சுவரில் தொங்கும்போது, காரோட்டிலிருந்து வந்த கயிறு திரிக்கும் தொழிலாளிக்குப் பட்டத்திற்கும் சான்றிதழுக்கும் வேறுபாடு எப்படித் தெரியும்?

இச்சிகிச்சையின் இயல்பை நோக்கினால் இப்பயிற்சியின் போலித்தனம் தானே வெளிப்படும். எலும்பில் துளையிடும்போது வெப்பம் எழுகிறது. 47 டிகிரி செல்சியசுக்கு ஒரு நிமிடம் எலும்பு சூடேறினாலே அதன் உயிரணுக்கள் கெடத் தொடங்கும் என்பது 1983-ஆம் ஆண்டிலேயே ஆய்வில் நிறுவப்பட்டது. கீழ்த்தாடையில் இரண்டு மில்லிமீட்டர் தவறினால் நரம்பு பாதிக்கப்பட்டு உதடு மரத்துப்போகும். அது ஆயுளுக்கும் நீடிக்கலாம். மேல்தாடையில் தவறினால் அவ்வெலும்பின் காற்றறைக்குள் திருகாணி போய்விழும். கட்டுப்படாத நீரிழிவும் புகையிலைப் பழக்கமும் உள்ளவருக்கு ஆபத்து இன்னும் அதிகம். கேரளமும் குமரி மாவட்டமும் நீரிழிவில் எந்நிலையில் உள்ளன என்பதைச் சொல்லத் தேவையில்லை. வீட்டுக்கு வீடு தெரியும்.

எல்லாம் சரியாக நடந்தாலும் எலும்பும் டைட்டானியமும் ஒன்றுவதற்கு மூன்று முதல் ஆறு மாதம் ஆகிறது. சுற்றியுள்ள ஈறும் எலும்பும் அழுகத் தொடங்கும் நோயோ, வந்தால் பல ஆண்டுகள் கழித்து வருகிறது. பயிற்சி மூன்று நாள்; எலும்பு ஒன்றுவதற்கு மூன்று மாதம். ஆகவே மூன்று நாள் வகுப்பில் கற்றவர் தாம் பொருத்தியது பிடித்ததா, பிடிக்கவில்லையா என்பதைப் பார்க்காமலே தேர்ச்சி பெறுகிறார். நெல் விதைத்தவன் அறுவடைக்கு முன்பே சிறந்த உழவர் விருது வாங்கிக்கொண்டு பேருந்து ஏறிய கதை இது. தன் தவறின் விளைவைக் காணாத கை எதையும் கற்பதில்லை.

இதைவிடக் கொடியது ஒன்றுண்டு. இவ்வகுப்புகளின் விளம்பரங்களில் பயிற்சியாளர் ஒவ்வொருவரும் உயிருள்ள நோயாளிகளில் இத்தனை இம்ப்ளாண்ட் பொருத்தலாம் என்ற எண்ணிக்கை தவறாமல் இடம்பெறும்; நோயாளிகளை ஏற்பாட்டாளர்களே தருவார்கள். மேசை, நாற்காலி, தேநீர் ஆகியவற்றின் வரிசையில் நோயாளியும் ஓர் ஏற்பாடு. அந்த நோயாளிகள் யார்? பணம் படைத்தவர் யாரும் தம் தாடையைப் பழகுவதற்குக் கொடுப்பதில்லை. இலவசம் என்றோ, பாதிக் கட்டணம் என்றோ சொல்லி அழைத்து வரப்படும் ஏழைகளே பெரும்பாலும் அந்த நாற்காலியில் அமர்கிறார்கள். அரசுக் கல்லூரியிலும் மாணவர்கள் ஏழைகளின் வாயில்தானே பழகுகிறார்கள் என்று கேட்கலாம். பழகுகிறார்கள். ஆனால் அங்கே ஆசிரியர் பக்கத்தில் நிற்கிறார், பதிவேடு இருக்கிறது, ஆறு மாதம் கழித்து வலியோடு வந்தால் அதே கட்டடம், அதே துறை, பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒருவர் இருக்கிறார். விடுதி அரங்கின் வாசலில் ஆறு மாதம் கழித்துப் போய் நின்றால் அங்கே திருமண வரவேற்பு நடந்துகொண்டிருக்கும்.

இளம் மருத்துவர் எதிரியல்லர்

இப்பயிற்சிகளை ஆதரிப்போரின் வாதத்தை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. நாட்டில் 300-க்கும் மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள், பெரும்பாலானவை தனியாருடையவை. ஆண்டுக்கு 25,000-க்கும் அதிகமான பி.டி.எஸ். இடங்கள், எம்.டி.எஸ். இடங்களோ அதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. அதிலும் அரசு இடங்கள் சொற்பம். நீட் முதுநிலைத் தேர்வு என்ற வடிகட்டி ஒரு பக்கம். தனியார் கல்லூரிகளின் பல லட்சக் கட்டணம் மறுபக்கம். இந்நிலையில் பி.டி.எஸ். முடித்தவர் குறுகிய வகுப்பில் திறன் பெறுவதைத் தடுத்தால், சிகிச்சை ஒரு சிறு கூட்டத்தின் ஏகபோகமாகிவிடாதா? விலை இன்னும் ஏறாதா?

ஏறும். ஆகவே தடை மட்டும் தீர்வாகாது. ஆனால் இந்த வாதத்தை முன்வைப்பவர்கள் அதன் முதற்பாதியில் நின்றுவிடுகிறார்கள். இடங்கள் ஏன் குறைவு, கட்டணம் ஏன் அதிகம் என்று அவர்கள் கேட்பதில்லை. 2024-இல் எம்.டி.எஸ். சேர்க்கைக்கான தகுதிச் சதமானத்தை ஒன்றிய அரசு 21.692 குறைத்தது, பொதுப்பிரிவினருக்கு 50 என்றிருந்தது 28.308 ஆயிற்று. தகுதியைக் காக்கவே நீட் என்று மேடைதோறும் முழங்கியவர்கள், தனியார் கல்லூரிகளில் இடங்கள் காலியாகக் கிடந்தபோது தகுதியைத் தாமே தூக்கியெறிந்தார்கள். மாணவர் இல்லாமல் இடம் காலியாகவில்லை. கட்டணம் கட்ட முடியாமல் காலியானது. தகுதி என்று அவர்கள் சொன்னது எப்போதும் வாங்கும் சக்தியைத்தான்.

2023 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டம் இந்நோய்க்கு மருந்தாகும் என்றார்கள். பழைய கவுன்சிலின் மீது ஊழல் புகார்கள் இருந்தன. அதைக் காக்க எவரும் கண்ணீர் விட வேண்டியதில்லை. ஆனால் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதித்துவத்தை ஒடுக்கி, நியமனங்களால் நிரம்பிய அமைப்பை அதனிடத்தில் வைத்தது புதிய சட்டம். தனியார் கல்லூரிகளின் 50 விழுக்காடு இடங்களுக்கு மட்டும் கட்டண வழிகாட்டுதல். மீதிப் பாதியில் கல்லூரி வைத்ததே சட்டம். நிறுவனங்கள் நடத்தும் பயிற்சிச் சந்தையை நேருக்குநேர் கட்டுப்படுத்தும் தெளிவான பிரிவு அதில் இல்லை.

இதில் அகப்பட்டுக்கொண்ட இளம் பல் மருத்துவர் ஒரு கூலி உழைப்பாளிதான். கடன் வாங்கிப் படித்து, பிறர் நடத்தும் கிளினிக்கில் சொற்ப ஊதியத்திற்கு வேலை பார்த்து, இம்ப்ளாண்ட் தெரியாவிட்டால் அந்த வேலையும் இல்லை என்ற நிலையில் மீண்டும் கடன் வாங்கி வகுப்புக்குப் போகிறார். போட்ட பணத்தை எடுக்க, காப்பாற்றக்கூடிய பல்லையும் பிடுங்கித் திருகாணி வைக்கத் தூண்டப்படுகிறார். வேர்ச் சிகிச்சை செய்து காப்பாற்றும் பல்லில் வருமானம் குறைவு. பிடுங்கிய பல்லின் வெற்றிடத்தில் வருமானம் அதிகம். பயிற்சியின் கடன் நோயாளியின் தாடையில் வசூலாகிறது.

கூத்துப்பறம்பு கேட்ட கேள்வி

கல்வியின் மீதான உரிமை நெய்யாற்றின்கரை மண்ணுக்குப் புதிய செய்தியன்று. ஊரூட்டம்பலம் பள்ளியில் பஞ்சமி என்ற தலித் சிறுமியைச் சேர்க்க அய்யன்காளி அழைத்துச் சென்றபோது ஆதிக்க சாதியினர் பள்ளியையே எரித்தார்கள். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் வயலில் இறங்கமாட்டோம் என்று விவசாயத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தது இந்த வட்டாரத்தில்தான். சாதியால் அன்று மூடப்பட்ட கதவு இன்று கட்டணத்தால் மூடப்படுகிறது.

1994 நவம்பர் 25 அன்று கண்ணூர் மாவட்டம் கூத்துப்பறம்பில் ஐந்து இளைஞர்கள் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். பரியாரம் மருத்துவக் கல்லூரியைச் சுயநிதி நிறுவனமாக்கியதும் கல்வி வணிகமானதும் அப்போராட்டத்தின் மையம். அன்று குண்டடிபட்டுப் படுக்கையில் விழுந்த புஷ்பன் முப்பதாண்டுகள் அசையாமல் கிடந்து 2024 செப்டம்பரில் மறைந்தார். அதே பரியாரம் கல்லூரியும் அதனோடு இணைந்த பல் மருத்துவக் கல்லூரியும் இடதுசாரி அரசின் காலத்தில் அரசுடைமையாயின. ஒருமுறை தனியார் பக்கம் போனது திரும்பாது என்ற வாதத்திற்கு அதைவிட வலுவான மறுப்பு வேறில்லை. ஆனால் அதே கேரளச் சட்டமன்றம் 2025 மார்ச்சில் தனியார் பல்கலைக்கழக மசோதாவை நிறைவேற்றியது. இடஒதுக்கீடும் மாநில மாணவருக்கான பங்கும் அதில் உண்டு என்பது உண்மையே. ஒன்றிய அரசின் நிதி நெருக்கடியில் ஒரு மாநில அரசுக்கு உள்ள எல்லைகளும் உண்மையே. ஆயினும் கூத்துப்பறம்பு கேட்ட கேள்வி இதனால் தீர்ந்துவிடவில்லை. கட்சிக்குள் அதை உரக்கப் பேசுவதற்குத் தோழர்கள் தயங்க வேண்டியதில்லை. தனியார் பல்கலைக்கழகங்கள் வந்தபின் இம்ப்ளாண்ட் பெலோஷிப்களுக்குப் பல்கலைக்கழக முத்திரையும் கிடைத்துவிடக்கூடும் என்ற அச்சம் கற்பனையன்று.

செய்யக்கூடியது என்ன? திருவனந்தபுரம் அரசு பல் மருத்துவக் கல்லூரி 1959 முதல் இயங்குகிறது. நெய்யாற்றின்கரையிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். எம்.டி.எஸ். இடம் கிடைக்காத பி.டி.எஸ். மருத்துவர்களுக்கும், தாலுக்கா மருத்துவமனைகளில் பணியாற்றும் பல் மருத்துவர்களுக்கும், ஓராண்டுக்குக் குறையாத பகுதிநேர முதுநிலைப் பயிற்சியை அங்கே நடத்த முடியும். ஒவ்வொரு பயிற்சியாளரும் தாம் பொருத்தியதைப் பல் வைத்து முடிக்கும்வரை பின்தொடர வேண்டும். அதன் பிறகே தேர்வு. பிரிட்டனில்கூட இம்ப்ளாண்ட் தனிச் சிறப்புத்துறையாகப் பதிவு செய்யப்படவில்லை. ஆனால் பயிற்சியின் தரம் எப்படி இருக்க வேண்டும், வழிகாட்டும் மூத்த மருத்துவரின் கீழ் எவ்வாறு பழக வேண்டும் என்பதற்கு எழுத்துவடிவில் நெறிகள் வகுக்கப்பட்டுள்ளன. முதலாளித்துவ நாடு ஒன்றால் இயன்றது இங்கே இயலாதென்றால், இயலாமைக்குக் காரணம் அறிவு அன்று, வணிக நலன்.

மணல் இங்கே, திருகாணி எங்கே

டைட்டானியத்தின் கதையைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. இம்ப்ளாண்ட் செய்யப்படும் உலோகத்தின் தாது பொழியூருக்குத் தெற்கிலும் வடக்கிலும் கடற்கரை மணலில் கிடக்கிறது. மணவாளக்குறிச்சியில் 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் கண்டுகொண்ட கரிய மணல் வளம் அது. கொல்லம் மாவட்டம் சவறையில் கேரள அரசின் கே.எம்.எம்.எல். நிறுவனம் டைட்டானியம் பஞ்சு உலோகம் தயாரிக்கும் ஆலையை 2011-இல் தொடங்கியது; ஆண்டுக்கு 500 டன் திறன் கொண்டது. அதை உருக்கி உலோகத் தண்டாக்கும் ஆற்றல் ஐதராபாத்திலுள்ள பொதுத்துறையான மிதானிக்கு உண்டு. வடிவமைத்துச் சோதிக்கத் திருவனந்தபுரத்திலேயே ஸ்ரீசித்திரைத் திருநாள் நிலையம் இருக்கிறது. இறக்குமதி விலையில் ஒரு பகுதிக்கே செயற்கை இதய வால்வைச் செய்து 1990-இல் மனித இதயத்தில் பொருத்திக் காட்டிய நிலையம் அது. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் பொதுத்துறையில் இருக்க, திருகாணி மட்டும் கப்பலேறி வருகிறது. ஒரு இம்ப்ளாண்டின் எடை ஒரு கிராமுக்கும் குறைவு. ஆகவே இதற்காக எந்தக் கடற்கரையையும் புதிதாகத் தோண்ட வேண்டியதில்லை. கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேர் நிலத்தில் கனிம மணல் எடுக்கும் திட்டத்தை எதிர்க்கும் மீனவ மக்களின் போராட்டத்தோடு இக்கோரிக்கை எவ்விதத்திலும் முரண்படவில்லை.

விலைக் கட்டுப்பாடும் புதிய சிந்தனை அன்று. 2017 பிப்ரவரியில் இதயக் குழாய் ஸ்டென்டுகளுக்கும் ஆகஸ்டில் செயற்கை முழங்கால் மூட்டுகளுக்கும் உச்சவரம்பு விலை விதிக்கப்பட்டது. மருத்துவமனைகள் மூடிவிடவில்லை. பல் இம்ப்ளாண்டுக்கு அத்தகைய உச்சவரம்பு கிடையாது. பல் அழகுக்கானது என்ற மேட்டிமை எண்ணமே இதற்குப் பின்னால் உள்ளது. மரச்சீனியும் மீனும் மென்று உண்ண முடியாத முதியவருக்குப் பல் அழகா, உணவா? அறுபது வயது கடந்த ஏழை முதியோருக்குக் கேரள அரசு மந்தஹாசம் திட்டத்தில் இலவசமாகப் பல்செட் தருகிறது, நல்ல தொடக்கம். கழற்றி மாட்டும் பல்செட் நிற்காத தேய்ந்த தாடைகளுக்கு இரண்டு திருகாணிகளின் பிடிப்பு தேவைப்படுகிறது. அரசுக் கல்லூரியின் பயிற்சியை அத்திட்டத்தோடு இணைத்தால் இரண்டுமே பயன்பெறும்.

எல்லைக் கிராமங்களுக்கு இன்னொரு தனித் துன்பம் உண்டு. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடும் கல்குளமும் அந்தப் பக்கம் போயின. நெய்யாற்றின்கரை இந்தப் பக்கம் நின்றது. நோயாளிக்கு அந்தக் கோடு தெரியாது, சட்டத்திற்குத் தெரியும். மார்த்தாண்டத்தில் பொருத்திய இம்ப்ளாண்ட் பாறசாலையில் அழுகினால் புகார் சென்னையிலுள்ள தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலுக்குப் போக வேண்டும். மாறி நடந்தால் திருவனந்தபுரத்திற்கு. தமிழ்நாட்டில் 1997-ஆம் ஆண்டுச் சட்டம். கேரளத்தில் 2018-ஆம் ஆண்டின் மருத்துவ நிறுவனங்கள் சட்டம். கேரளச் சட்டப்படி கட்டண விவரத்தை மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் பலகையில் எழுதி வைக்க வேண்டும். தமிழ் இல்லை. ஒப்புதல் படிவங்களோ பல இடங்களில் ஆங்கிலத்தில் மட்டுமே உள்ளன. வாசிக்க முடியாத தாளில் இடும் கையெழுத்து ஒப்புதல் ஆகாது.

பாறசாலை, நெய்யாற்றின்கரை பகுதிக் குழுக்களும் எல்லைக்கு அப்பால் விளவங்கோடு வட்டக் குழுவும் சேர்ந்து எடுக்கக்கூடிய முதல் வேலை பெரிதன்று. கட்டணப் பலகையிலும் ஒப்புதல் படிவத்திலும் தமிழ் வேண்டும். பொருத்தப்பட்ட திருகாணியின் நிறுவனப் பெயரும் தொகுதி எண்ணும், பொருத்தியவரின் பதிவுபெற்ற பட்டமும் எழுதப்பட்ட அட்டை ஒவ்வொரு நோயாளிக்கும் தரப்பட வேண்டும். அங்கீகாரமற்ற சான்றிதழ்களைச் சிகிச்சை அறையின் சுவரிலிருந்து இறக்க வேண்டும். மனுவை இரு மாநிலச் சுகாதாரத் துறைகளுக்கும் இரு பல் மருத்துவக் கவுன்சில்களுக்கும் ஒரே நாளில் அனுப்பலாம். இளம் பல் மருத்துவர்களின் கையெழுத்தையும் அதில் பெறுவது கடினமாக இராது.